வாத்தியார் புரூஸ் லீ

1973 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30 ஆம் தேதி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரம். அங்குள்ள லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில் ஒரு சவப்பெட்டியை ஆறு பேர் சுமந்து சென்றனர்.

அவர்களில் இருவர் ஹாலிவுட்டின் பெரிய நடிகர்கள். ஸ்டீவ் மெக்வீன் ஒருவர். ஜேம்ஸ் கோபர்ன் மற்றவர். மூன்றாமவர் டாக்கி கிமுரா, சியாட்டிலில் மளிகைக் கடை நடத்தி வந்த ஜப்பானிய வம்சாவளியினர். நான்காமவர் டான் இனோசாண்டோ, பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்தவர். மற்ற இருவர் இறந்தவரின் தம்பியும் குடும்ப நண்பரும்.

இந்த நடிகர்களுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்றுதான். பெட்டிக்குள் கிடந்த 32 வயது மனிதரிடம் அவர்கள் சண்டை பயின்றவர்கள். அவர் அவர்களுடைய வாத்தியார்.

புரூஸ் லீ என்றால் நமக்கு நினைவுக்கு வருவது திரைப்படம். ஆனால் படத்தால் அவருக்குப் புகழ் கிடைத்தது கடைசி இரண்டு ஆண்டுகளில்தான். அதற்கு முன் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்த தொழில் சண்டை கற்பிப்பது. சீனக் கலையைச் சீனர் அல்லாதவருக்கும் கற்றுக்கொடுத்த அந்த அமெரிக்கக் கூடங்களின் கதை, திரையில் தெரிந்த கதையை விடச் சுவையானது.

நாடகக்காரர் மகன்

புரூஸ் லீ 1940 ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரின் சீனர் குடியிருப்பில் உள்ள மருத்துவமனையில் பிறந்தார். தந்தை லீ ஹோய் சூயென், கான்டன் மொழி இசை நாடகத்தில் பெயர் பெற்ற நடிகர். நாடகக் குழுவுடன் அமெரிக்கா சென்றிருந்த சமயத்தில் பிறந்த பிள்ளை இவர். வீட்டில் வைத்த பெயர் லீ ஜுன் ஃபான். புரூஸ் என்பது மருத்துவமனையில் வைத்த பெயர். தாய் கிரேஸ் ஹோ, ஐரோப்பிய இரத்தக் கலப்பு உள்ள குடும்பத்தில் வந்தவர். இந்தச் செய்தி பின்னால் முக்கியமாகிறது.

1941 இல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை ஹாங்காங்கைப் பிடித்தது. சிறுவன் புரூஸ் வளர்ந்தது போரிலும், போருக்குப் பின் சீனாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்த நெரிசலிலும்தான். தந்தையின் தொடர்பால் சிறு வயதிலேயே சினிமாவில் நடித்தார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. தெருச் சண்டைகளில் சென்றது. ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்கு மாற வேண்டியதாயிற்று.

ஓட்டல் தொழிலாளர் சங்கத்தில் ஒரு குரு

சண்டைக்குப் போகிற பையன் முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பி யிப் மேன் என்ற ஆசானிடம் சேர்ந்தான். யிப் மேன் தெற்குச் சீனாவின் போஷான் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சீனாவில் ஆட்சி மாறியதும் ஹாங்காங் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு பிழைப்புக்காக 1950 இல் சண்டை கற்பிக்கத் தொடங்கினார். முதலில் கற்பித்த இடம் கௌலூனில் இருந்த ஓட்டல் தொழிலாளர் சங்கக் கட்டடம். முதல் மாணவர்களில் பலர் ஓட்டல் வேலைக்காரர்கள். அவர் கற்பித்த முறைக்கு விங் சுன் என்று பெயர். கை நீளும் தூரத்துக்குள் நின்று, நேர்கோட்டில், குறைந்த அசைவில் அடிப்பதும் தடுப்பதும் அதன் சாரம்.

சீனச் சண்டைக் கூடம் ஒரு குடும்பம் போல நடப்பது. ஆசானை சிபு என்று அழைப்பார்கள். ஆசிரியர், தந்தை என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லில் சேர்ந்திருக்கின்றன. முன்னால் சேர்ந்த மாணவன் சிஹிங், அதாவது அண்ணன். பின்னால் சேர்ந்தவன் சிடாய், தம்பி. வயதில் மூத்தவனாக இருந்தாலும் பின்னால் சேர்ந்தால் அவன் தம்பிதான். ஆசானின் ஆசான் சிகுங், தாத்தா. ஆசானின் மனைவி சிமோ, தாய். பழைய முறைப்படி முழுச் சீடனாக ஏற்கப்படுகிறவன் ஆசான் முன் மண்டியிட்டு, தேநீர் கொடுத்து, சிவப்பு உறையில் காணிக்கை வைப்பான். அதன் பின் ஆசானின் முதுமைக்கும் மரணத்துக்கும் அவன் கடமைப்பட்டவன்.

குடும்பம் என்றால் வெளியார் என்று சிலர் இருக்கத்தானே வேண்டும்? புரூஸின் தாய்வழி ஐரோப்பியக் கலப்பு தெரிய வந்ததும், சீனன் அல்லாதவனுக்குக் கற்றுக்கொடுக்கலாகாது என்று சில மாணவர்கள் எதிர்த்ததாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். யிப் மேன் அவரை வெளியே அனுப்பவில்லை. ஆனால் புரூஸ் பெரும்பாலும் மூத்த மாணவர் வோங் சுன் லியுங் போன்ற சிலரிடம் தனியாகப் பயில நேர்ந்தது. கூடத்தின் கதவு தன் முகத்துக்கு நேரே சாத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவர் பதின்ம வயதிலேயே அறிந்துகொண்டார்.

நூறு டாலரும் மாடி அறையும்

தெருச் சண்டையும் போலீஸ் தொல்லையும் வளர்ந்ததால் பெற்றோர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தனர். பிறப்பால் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தது. 1959 ஏப்ரலில், 18 வயதில், கையில் நூறு டாலருடன் கப்பல் ஏறினார்.

சில மாதங்களில் சியாட்டில் சென்றார். அங்கே தந்தையின் நண்பர் குடும்பம் ஒரு சீன ஓட்டல் நடத்தி வந்தது. அதன் உச்சி மாடியில் ஒரு சிற்றறையில் தங்கிக்கொண்டு, கீழே சர்வர் வேலை பார்த்தார். பகலில் எடிசன் தொழிற்கல்விப் பள்ளியில் படித்தார். அங்கே பள்ளி இறுதித் தகுதி பெற்று, 1961 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிரபலமான நடிகரின் மகன் எச்சில் தட்டு எடுக்கும் வேலைக்கு எளிதில் பழகவில்லை. அந்த வேலையிலிருந்து அவரை மீட்டது அவருடைய கைத்திறன்தான்.

முதல் மாணவர்கள்

அவரிடம் முதலில் சேர்ந்த மாணவர் ஜெஸ்ஸி குளோவர் என்ற கறுப்பின இளைஞர். சிறு வயதில் ஒரு போலீஸ்காரரால் தாக்கப்பட்டவர். அதனால் சண்டை கற்கும் ஆவல் கொண்டு ஜூடோ பயின்றவர். அவர் வழியாக மற்றவர்கள் வந்தனர். வெள்ளையர், கறுப்பர், ஜப்பானிய வம்சாவளியினர், பழைய குத்துச்சண்டைக்காரர் என்று பல வகையினர். இனம் பிரிந்து கிடந்த அன்றைய அமெரிக்காவில் இப்படி ஒரு கூட்டம் ஒரே இடத்தில் சேர்ந்து பயிற்சி செய்வது அபூர்வம். அவர்களுக்கென்று கூடம் இல்லை. பூங்காவிலும், கார் நிறுத்தும் இடத்திலும், கொல்லைப்புறத்திலும் பயிற்சி நடந்தது.

அவர்களில் ஒருவர்தான் டாக்கி கிமுரா. புரூஸை விடப் பதினாறு வயது மூத்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்து வைத்தது. கிமுராவும் அப்படி அடைக்கப்பட்டவர். பிறந்த நாட்டிலேயே அந்நியனாக நடத்தப்பட்டதில் அவர் தன்னம்பிக்கையை இழந்திருந்தார். தலை நிமிர்ந்து பேசவும் கூசியவர். இருபது வயது வாத்தியார் அவருக்கு அடி, தடுப்பு மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்கவும் சொல்லிக்கொடுத்தார் என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்திருக்கிறார்.

கிமுராவின் குடும்பமே ஜப்பானிய வம்சாவளி. புரூஸ் வளர்ந்த ஹாங்காங்கோ ஜப்பானியப் படையின் பிடியில் கிடந்த ஊர். பழைய பகையை நினைத்திருந்தால் இருவரும் அருகில்கூட வந்திருக்க முடியாது. ஆனால் 1964 இல் புரூஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் கிமுரா.

புரூஸ் 1963 இல் பல்கலைக்கழகத்துக்கு அருகே முறையாக ஒரு கூடம் தொடங்கினார். தன் சீனப் பெயரால் ஜுன் ஃபான் குங்பூ நிலையம் என்று பெயரிட்டார். மாதக் கட்டணம் வைத்தார். வகுப்புத் தொடக்கத்திலும் முடிவிலும் சீன முறைப்படி வணக்கம் உண்டு. சிபு, சிஹிங், சிடாய் என்ற உறவுப் பெயர்களும் உண்டு. ஆக, ஹாங்காங் கூடத்தின் குடும்ப முறையை அவர் அப்படியே கொண்டு வந்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். யார் குடும்பத்தில் சேரலாம் என்பதற்கு இனம் பார்க்கும் வழக்கத்தை.

அந்த வகுப்புக்கு வந்த மாணவி லிண்டா எமெரி. 1964 ஆகஸ்ட் 17 அன்று இருவரும் மணந்துகொண்டனர். நேற்று வரை சக மாணவியாக இருந்தவர் மற்ற மாணவர்களுக்கு சிமோ ஆனார்.

ஓக்லண்ட் சண்டை

1964 இல் புரூஸ் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்கு மாறினார். சியாட்டில் கூடத்தைக் கிமுராவிடம் ஒப்படைத்தார். ஓக்லண்டில் அவருக்குத் துணை ஜேம்ஸ் யிம் லீ. வெல்டிங் தொழிலாளி, சண்டைக் கலை நூல்களைத் தாமே அச்சிட்டு விற்றவர், புரூஸை விட இருபது வயது மூத்தவர். மூத்தவர்கள் இளையவரை ஆசானாக ஏற்றுக்கொண்டது புரூஸின் வாழ்வில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை இருந்தது. வெளியே அடிபட்ட சமூகம் தன் கலையைத் தனக்குள்ளேயே பொத்தி வைத்துக்கொண்டதில் வியப்பில்லை. அதே காலத்தில் அந்நியருக்குக் கற்பித்த வேறு சில சீன ஆசான்களும் இருந்தனர். எனவே அந்தக் கதவைத் திறந்தவர் புரூஸ் ஒருவர்தான் என்று சொல்வது மிகை. ஆனால் அவர் அளவுக்கு உரக்கப் பேசியவர் யாரும் இல்லை. மேடையேறி மற்றப் பள்ளிகளின் முறைகளைக் கேலி செய்யவும் அவர் தயங்கவில்லை.

1964 இன் பிற்பகுதியில் வோங் ஜாக் மான் என்ற இளம் ஆசான் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிலருடன் ஓக்லண்ட் கூடத்துக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் மோதினர். பார்த்தவர்கள் ஒரு சிலரே. அந்நியருக்குக் கற்பிப்பதை நிறுத்தச் சொல்லி வந்தார்கள், மூன்றே நிமிடத்தில் புரூஸ் வென்றார் என்பது லிண்டா சொல்லும் வரலாறு. காரணம் இனம் அல்ல, புரூஸ் மேடையில் விட்ட சவால்தான். சண்டையும் வெகு நேரம் நீடித்தது என்பது வோங் ஜாக் மான் தரப்பு வரலாறு. எது உண்மையானாலும், சண்டைக்குப் பின் நடந்ததைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. புரூஸுக்கு மூச்சு வாங்கியது. ஓடுகிற ஆளைத் துரத்திப் பிடிக்க யிப் மேன் கற்பித்த முறை உதவவில்லை. வென்றவன் மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை.

அதன் பின் அவர் ஓட ஆரம்பித்தார். உடலை வளர்த்தார். மேல்நாட்டுக் குத்துச்சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஐரோப்பிய வாள்வீச்சு நூல்களைப் படித்து, எதிரி தாக்கப் புறப்படும் கணத்திலேயே இடைமறித்துத் தாக்கும் நுட்பத்தைக் கைச் சண்டைக்குக் கொண்டு வந்தார். கீழ்நாட்டுக் கலையை மேல்நாட்டாருக்குக் கற்பிக்கப் போனவர், மேல்நாட்டிடமிருந்தும் கற்றுக்கொண்டார்.

குருவிடம் ஒரு கோரிக்கை

1965 பிப்ரவரியில் மகன் பிராண்டன் பிறந்தான். ஒரு வாரத்தில் ஹாங்காங்கில் தந்தை இறந்தார். அந்த ஆண்டு மனைவி, குழந்தையுடன் புரூஸ் ஹாங்காங் சென்று தங்கினார். யிப் மேனையும் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பு பற்றி யிப் மேன் குடும்பத்தார் ஒரு செய்தி சொல்லி வருகிறார்கள். குரு செய்து காட்டும் பயிற்சி வரிசையைச் சினிமாப் படமாக எடுத்துச் சென்று அமெரிக்க மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார் புரூஸ். அதற்குப் பதிலாகக் குருவுக்கு ஒரு வீடு வாங்கித் தருவதாகச் சொன்னார். யிப் மேன் வசதியின்றி வாழ்ந்தவர். இருந்தும் மறுத்துவிட்டார். ஒரு சீடனுக்கு மட்டும் கொடுத்தால் மற்றச் சீடர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் வாதம்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் தனியாக நின்று கற்பிப்பவனுக்கு, குருவின் அசைவைக் கண்ணால் பார்க்கும் வசதி வேண்டியிருந்தது. குருவுக்கோ கலை என்பது பக்கத்தில் நின்று, கையைத் தொட்டுத் திருத்திக் கொடுப்பது. வீடு கொடுத்து வாங்குவதல்ல. 1972 இல், சாவதற்குச் சில நாட்களுக்கு முன், யிப் மேன் தம் பயிற்சி வரிசைகளைப் படம் பிடிக்கச் சம்மதித்தார். அப்போது அதை எடுத்தவர்கள் அவருடைய பிள்ளைகள்.

பெயர்ப்பலகை இல்லாத கூடம்

1966 இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் காட்டோ என்ற கார் டிரைவர் வேடம் புரூஸுக்குக் கிடைத்தது. 26 வாரம் ஓடியது. சிறுவர்கள் கதாநாயகனை விட டிரைவரையே விரும்பினர். இதைக் கண்ட சில வியாபாரிகள், காட்டோ பெயரில் நாடு முழுதும் கராத்தே பள்ளிகள் திறக்கலாம், பணம் நாங்கள் போடுகிறோம் என்று வந்தனர்.

அன்றைய அமெரிக்காவில் அது நல்ல வியாபாரம். போருக்குப் பின் ஜப்பானிலும் ஒகினாவாவிலும் பணிபுரிந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக் கராத்தே பள்ளிகள் வைத்தனர். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ காலத்தில் பெல்ட்டில் முக்கியமானவை வெள்ளையும் கறுப்பும்தான். ஐரோப்பாவுக்கு வந்த பின் மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறங்கள் பெருகின. மேல்நாட்டு மாணவனுக்கு முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பள்ளி நடத்துபவருக்குத் தேர்வுக் கட்டணம் வர வேண்டும். நிற பெல்ட் இரண்டுக்கும் உதவியது.

புரூஸ் அந்த வியாபாரத்தை ஏற்கவில்லை. தாம் நேரில் பார்க்காத மாணவனுக்குத் தம் பெயரில் கற்பிக்க அவர் விரும்பவில்லை. பெரிய வருமானத்தை விட்டுவிட்டு, 1967 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் சீனர் குடியிருப்பில் மூன்றாவது கூடம் திறந்தார். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி சன்னல்களுக்கு வர்ணம் பூசப்பட்டிருந்தது. கேட்டவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை.

அங்கே அவருக்குத் துணை டான் இனோசாண்டோ. வேறொரு முறையில் கறுப்பு பெல்ட் வாங்கியிருந்தும், புரூஸிடம் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியவர். வகுப்புகளைப் பெரும்பாலும் அவரே நடத்தினார். அந்த ஆண்டுதான் புரூஸ் தம் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார். எதிரியின் தாக்குதலை இடைமறிக்கும் கையின் வழி என்று பொருள்.

கூடத்தில் சிறிய மாதிரிக் கல்லறை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஆற்று நீர் போல் ஓட வேண்டிய மனிதன் பழைய சம்பிரதாயத்தில் அடைபட்டு மாண்டான் என்ற கருத்து அதில் எழுதப்பட்டிருந்தது. மாணவர்களுக்குத் தகுதி வரிசை உண்டு. ஆனால் பெல்ட் இல்லை. சான்றிதழில் ஒரு வட்டம். முதல் படியில் அது வெறும் வட்டம். பிறகு யின் யாங் சின்னம் பல நிறங்களில். கடைசிப் படியில் மீண்டும் வெறும் வட்டம். கற்று முடித்தவன் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறான் என்பது அதன் குறிப்பு.

தனிப்பட்ட மாணவர்களாக நடிகர்கள் மெக்வீன், கோபர்ன், கதாசிரியர் ஸ்டிர்லிங் சிலிபான்ட் ஆகியோர் வந்தனர். அன்று கல்லூரி மாணவராக இருந்த, ஏழடி உயரக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரும் வந்தார். ஒரே பாடத்தை அவர் எல்லோருக்கும் சொல்லவில்லை. ஏழடி உயரக்காரனுக்கு ஏற்றது ஐந்தரை அடிக்காரனுக்கு ஏற்காது. மாணவனின் உடலும் மனமும் எதுவோ அதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

படுக்கையில் கிடந்த ஆண்டு

1970 ஆம் ஆண்டு அவருக்குச் சோதனை ஆண்டு. தொடக்கத்திலேயே மூன்று கூடங்களையும் மூடிவிடுவதென்று முடிவெடுத்தார். தாம் கண்டுபிடித்த வழியையே மாணவர்கள் இன்னொரு வேதமாக்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் அவருக்கு. சீடர்கள் சிறு குழுவாக, நண்பர்களாகச் சேர்ந்து பயில்வதை அவர் தடுக்கவில்லை. ஆனால் பெயர் போட்டுப் பள்ளி நடத்த வேண்டாம் என்றார்.

அதே ஆண்டில் எடை தூக்கும் பயிற்சியில் முதுகு நரம்பு பாதிக்கப்பட்டது. இனி உதைக்கவே முடியாது என்றனர் மருத்துவர்கள். பல மாதம் படுக்கை. வீட்டுக் கடன் ஒரு பக்கம். இரண்டு குழந்தைகள் ஒரு பக்கம். லிண்டா இரவு நேரத்தில் டெலிபோன் தகவல் நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனார். வேலைக்குப் போகாத கணவர் படுத்தபடி படித்தார், எழுதினார். அந்தக் குறிப்புகள்தான் அவர் இறந்த பின் 1975 இல் நூலாக வெளிவந்தன.

அந்த நாட்களில் அவர் ஆழ்ந்து படித்தவர்களில் ஒருவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. மதனப்பள்ளியில் பிறந்து, சென்னை அடையாறு பிரம்மஞான சங்க வளாகத்தில் வளர்ந்தவர். உலக குருவாக வரப்போகிறவர் என்று சொல்லி அவருக்காகவே ஓர் இயக்கத்தை அமைத்தார்கள். அவரோ 1929 இல், ஹாலந்தில் கூடிய கூட்டத்தில், அந்த இயக்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். உண்மைக்குப் பாதை போட்டுக் கொடுக்க எந்த அமைப்பாலும் ஆகாது என்பது அவர் நிலை. தம் பெயர் கொண்ட கூடங்களைத் தாமே மூடிய ஒருவருக்கு இந்த எழுத்து எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. அடையாற்றில் வளர்ந்த ஒருவரின் சிந்தனை இப்படி ஒரு சண்டை வாத்தியாரின் குறிப்பேட்டில் போய்ச் சேர்ந்தது.

1971 தொடக்கத்தில் புரூஸ், கோபர்ன், சிலிபான்ட் மூவரும் இந்தியாவுக்கு வந்தனர். ஒரு வீரன் உண்மையைத் தேடி அலையும் கதையைப் படமாக்க இடம் பார்க்கத்தான் அந்தப் பயணம். குருவும் இரு சீடர்களும் சேர்ந்து எழுதிய கதை அது. இடம் சரிப்படவில்லை என்று படம் கைவிடப்பட்டது. அந்த ஏமாற்றத்துக்குப் பின்தான் புரூஸ் ஹாங்காங் படங்களை ஒப்புக்கொண்டார்.

குருவின் மரணம்

1971 இல் வந்த முதல் படமே ஹாங்காங்கில் வசூல் சாதனை படைத்தது. 1972 இல் வந்த இரண்டாவது படத்தில், குருவைக் கொன்றவர்களைப் பழிவாங்கும் சீடனாக நடித்தார். குருவின் சவக்குழியில் விழுந்து கதறும் அந்தக் காட்சியைக் கண்டு தியேட்டர்களில் மக்கள் உருகினர்.

அந்த ஆண்டு டிசம்பர் 2 ஆம் தேதி யிப் மேன் காலமானார். ஹாங்காங்கிலேயே இருந்தும் அவர் இறுதிச் சடங்குக்குப் புரூஸ் வரவில்லை. பத்திரிகைகள் கண்டித்தன. திரையில் குருவுக்காக அழுதவன் நேரில் வரவில்லையே என்று பேசினர். உடன் பயின்றவர்கள் தமக்குச் சரியாகத் தகவல் தரவில்லை என்பது புரூஸ் தரப்பு விளக்கம். அண்ணன் தம்பி என்று அழைத்துக்கொண்ட குடும்பத்தில் சாவுச் செய்தி சொல்லக்கூட ஆள் இல்லாத அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. குருவின் முறையை வெளிப்படையாக மாற்றியவன் என்ற மனக்குறை ஒரு பக்கம். நட்சத்திரமாகிவிட்டவனுக்கு நேரமில்லை என்ற உண்மை மறுபக்கம். எல்லாப் பழியையும் ஒரு தரப்பின் மேல் போட முடியாது.

அதே டிசம்பரில் ஓக்லண்ட் ஜேம்ஸ் லீயும் நோயால் இறந்தார். ஒரே மாதத்தில் புரூஸ் குருவையும், அண்ணன் போன்ற சீடரையும் இழந்தார்.

அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் முடிவடையாமலே நின்றது. ஒரு கோபுரத்தில் மாடிக்கு ஓர் எதிரியாக வென்று மேலே செல்லும் கதை அது. அந்த எதிரிகளாக நடிக்க அவர் அழைத்தது தம் சீடர்களைத்தான். இனோசாண்டோ ஒருவர்; அப்துல் ஜப்பார் மற்றொருவர்.

1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில், தலைவலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் நீர் கோத்து வீங்கியதே மரணத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. விசாரணையில் விபத்து மரணம் என முடிவாயிற்று. அவருக்குப் பெரும் புகழ் தந்த என்டர் தி டிராகன் படம் வெளிவரச் சில வாரங்களே இருந்தன. ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிய அஞ்சலிக்குப் பின், உடலை லிண்டா சியாட்டிலுக்குக் கொண்டு சென்றார்.

விட்டுச் சென்றது

அவர் மூடிய கூடங்களின் பெயரால் அவர் இறந்த பின் உலகெங்கும் கூடங்கள் முளைத்தன. அவர் கற்பித்ததை மாற்றாமல் காக்க வேண்டும் என்றனர் சில சீடர்கள். அவரைப் போல் தேடிக்கொண்டே இருப்பதுதான் அவர் வழி என்றனர் வேறு சிலர். அவர் அஞ்சிய சச்சரவு அவர் பெயராலேயே நடந்தது. இன்னொரு வேடிக்கை: அவர் விட்டு விலகிய விங் சுன் முறை இன்று நாடு நாடாகப் பரவியிருப்பதற்கு, புரூஸ் லீயின் குரு என்று யிப் மேனுக்குக் கிடைத்த புகழ் பெரும் காரணம். வீடு வாங்கிக் கொடுக்க முடியாத சீடன், குருவின் பெயரை உலகறியச் செய்துவிட்டான்.

முதல் மாணவர் குளோவர் வேறு வழி சென்றார். புரூஸ் உயிரோடு இருந்தபோதே பிரிந்து, அவர் பெயரைப் பயன்படுத்தாமல், தமக்கென ஒரு பெயர் வைத்துக் கற்பித்தார். 2012 இல் காலமானார்.

கிமுரா சியாட்டிலை விட்டுப் போகவில்லை. கடையைப் பார்த்துக்கொண்டார். சிறு குழுவுக்கு மட்டும், விளம்பரமின்றி, கற்றதைக் கற்பித்தார். லேக் வியூ கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று வாத்தியாரின் கல்லறையைச் சுத்தம் செய்து பராமரித்தார். 1993 இல் புரூஸின் மகன் பிராண்டன் படப்பிடிப்பு விபத்தில் 28 வயதில் இறந்து, தந்தையின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டான். அதன் பின் கிமுரா பார்த்துக்கொள்ள இரண்டு கல்லறைகள் ஆயின.

பழைய சீன முறைப்படி ஆசானின் மரணத்துக்குப் பின்னும் சீடனுக்குக் கடமை உண்டு. வாத்தியார் அந்த முறையில் பலவற்றை மாற்றியவர். ஆனால் தன்னை விடப் பதினாறு வயது இளையவரான அந்த வாத்தியாருக்கு கிமுரா அந்தக் கடமையைப் பல பத்தாண்டுகள் செய்தார். 2021 ஜனவரியில், 96 வயதில், அவரும் காலமானார்.